அண்ணன் உலைகளைப் பிரிக்கிறார்கள், நம் ஆட்களை அங்கே அனுப்புங்கள்

பெறுநர்:
அணுசக்தித் துறைச் செயலர் அவர்கள்,
அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத் தலைவர் அவர்கள்,
மும்பை.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டையைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்து வடக்கே பார்த்தால் கல்பாக்கத்தின் இரண்டு குவிமாடங்கள் தெரியும். அங்கிருந்து கடலுக்குள் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு பாலம் நீண்டு கிடக்கும். உலைக்குப் போகும் கடல்நீர் அந்தப் பாலத்தின் முனையில் இறங்கி, கடலடிச் சுரங்கம் வழியாகக் கரைக்கு வருகிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அந்தக் காட்சி மாறவில்லை. இனிமேல் மாறும். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதல் உலை 1984 ஜனவரியில் வணிக உற்பத்திக்கு வந்தது. இரண்டாவது 1986 மார்ச்சில். இரண்டுக்கும் நாற்பது வயது ஆகிவிட்டது. முதல் உலை 2018இல் நின்று, ஆண்டுக்கணக்கில் மின்சாரம் தராமல் இருந்ததும் உங்களுக்குத் தெரியும். பழுது பார்த்து இன்னும் சில காலம் ஓட்டலாம். ஓட்டுங்கள், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் ஒருநாள் கடைசியாக நிறுத்தத்தான் வேண்டும். அணு மின்சாரம் வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் சேர்ந்து நிற்க வேண்டிய இடம் அது. கட்டியாகிவிட்டது, ஆகவே பிரித்தும் ஆக வேண்டும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விளக்கம். உலையை நிறுத்துவது ஒரு பொத்தான் வேலை. டீகமிஷனிங் என்று சொல்லும் வேலை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. எரிபொருளை வெளியே எடுக்க வேண்டும். உலைக்குள் ஓடும் கனநீர் என்ற விசேஷத் தண்ணீரை வடித்துப் பத்திரப்படுத்த வேண்டும். குழாய், வால்வு, பம்ப் எல்லாவற்றையும் கதிரியக்கத்தின் அளவு பார்த்துப் பிரித்து, அறுத்து, தரம் பிரித்துக் கழிவுக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். கடைசியில் உலையின் நெஞ்சுப் பகுதியான கலாண்ட்ரியாவைத் தொட வேண்டும். அப்புறம் கட்டடம், அப்புறம் மண். உலகத்தில் நிரந்தரமாக நிறுத்தப்பட்ட மின் உலைகளின் எண்ணிக்கை 200ஐத் தாண்டிவிட்டது. அவற்றில் முழுமையாகப் பிரித்து முடித்தவை இருபது சொச்சம்தான்.

இந்தியாவில் ஒரு மின் உலையைக்கூட நாம் இன்னும் அப்படி முடித்ததில்லை. ராஜஸ்தானின் முதல் உலை 2004 அக்டோபரில் நின்றது. அதற்குப் பிறகு ஓடவே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது, கட்டடம் அப்படியே நிற்கிறது.

அந்த ராஜஸ்தான் உலையிலிருந்தே என் கோரிக்கையைத் தொடங்குகிறேன். அது கனடாவின் டக்ளஸ் பாயிண்ட் உலையின் வரைபடத்தை வைத்துக் கட்டியது. டக்ளஸ் பாயிண்ட் 1968இல் ஓட ஆரம்பித்த 200 மெகாவாட் உலை, ஹூரான் ஏரிக்கரையில் இருக்கிறது. 1974இல் நாம் பொக்ரானில் அணுவெடிச் சோதனை நடத்தியதும் கனடா கையை விலக்கிக்கொண்டது. மிச்ச வேலையை நம் பொறியாளர்கள் தாங்களே கற்று முடித்தார்கள். அந்தக் கல்வியில் பிறந்தவைதான் கல்பாக்கத்தின் இரண்டு உலைகளும். நிறைய மாற்றங்கள் செய்தோம், ஆனாலும் வம்சம் ஒன்றுதான். டக்ளஸ் பாயிண்ட் மூத்த அண்ணன், ராஜஸ்தான் நடுவில், கல்பாக்கம் தம்பி.

அந்த மூத்த அண்ணன் 1984 மே மாதம் நிறுத்தப்பட்டது. கல்பாக்கத்தின் முதல் உலை உற்பத்தியைத் தொடங்கிய அதே வருடம்! கனடாக்காரர்கள் எரிபொருளை எடுத்துவிட்டு முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அதைப் பூட்டி வைத்துக் காத்தார்கள். 2021இல் அவர்களுடைய ஒழுங்குமுறை ஆணையம் பிரித்தெடுக்கும் கட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. நமக்கு நாளை வரப்போகிற வேலையை, ஏறக்குறைய நம் உலையைப் போன்ற ஒன்றில், ஒருவர் இன்று செய்துகொண்டிருக்கிறார். கனடாவோடு இருந்த முறிவும் முடிந்துவிட்டது. 2010இல் கையெழுத்தான ஒப்பந்தம் 2013இல் நடைமுறைக்கு வந்தது. கதவு திறந்துதான் இருக்கிறது. கல்பாக்கத்திலிருந்தும் ராஜஸ்தான் உலை இருக்கும் ராவத்பாட்டாவிலிருந்தும் இளம் பொறியாளர்களையும் பிட்டர்களையும் வெல்டர்களையும் ஒரு குழுவாக அங்கே அனுப்புங்கள். ஒரு வாரச் சுற்றுலாவாக வேண்டாம். இரண்டு மூன்று வருடம் அங்கேயே தங்கி, கையில் கருவி பிடித்து வேலை செய்யட்டும்.

இன்னொரு அண்ணன் பிரான்சில் இருக்கிறது. கல்பாக்கத்தில் 1985 முதல் இயங்கும் சோதனை ஈனுலை, அதாவது ஓடும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் வகை உலை, கடராஷ் என்ற ஊரில் இருந்த ராப்சொடி உலையைப் பார்த்துக் கட்டியது. ராப்சொடி 1983இல் மூடப்பட்டது. அங்கே 1994 மார்ச் 31 அன்று நடந்ததை நான் முதலில் படித்தபோது இரவு தூக்கம் வரவில்லை. உலை நின்று பத்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இந்த வகை உலையைக் குளிர்விப்பது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். அதில் பெரும்பகுதியை எடுத்தாயிற்று. ஒரு தொட்டியின் அடியில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அதை ஒருவகை ஆல்கஹால் ஊற்றிக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி வெடித்தது. ஒருவர் இறந்தார், நான்கு பேர் காயப்பட்டார்கள். ஓடும்போது ஆளைக் கொல்லாத உலை, கழுவும்போது கொன்றது.

சோடியம் தண்ணீரைக் கண்டால் தீப்பிடிக்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். சோதனை ஈனுலையில் இருப்பது 150 டன் அளவு. பக்கத்திலேயே கட்டியிருக்கும் 500 மெகாவாட் ஈனுலைக்கு 1,700 டன்னுக்கு மேல். இவ்வளவு சோடியத்தை ஒருநாள் என்ன செய்வது? பிரான்சில் சூப்பர்ஃபீனிக்ஸ் உலையின் ஏறக்குறைய 5,500 டன் சோடியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காஸ்டிக் சோடாவாக மாற்றி, சிமெண்டோடு சேர்த்துக் கட்டிகளாக வார்த்து வைத்தார்கள். கஜகஸ்தானில் காஸ்பியன் கடலோரம் அக்தாவ் ஊரில் இருந்த ஈனுலை 1999இல் மூடப்பட்டபோது, அந்தப் புது நாட்டிடம் பணமும் இல்லை, அனுபவமும் இல்லை. அமெரிக்கர்கள் தங்கள் நாட்டுச் சோடியம் உலைகளை மூடிய அனுபவத்தோடு வந்தார்கள். சோடியத்தில் கரைந்திருந்த சீசியம் என்ற கதிரியக்கப் பொருளை நுண்துளைக் கரித்துண்டுகள் வழியாக வடித்து எடுத்தார்கள். எரிபொருளை 2010க்குள் ரயிலில் ஏற்றி, நாட்டின் மறுகோடியில் 3,000 கிலோமீட்டர் தள்ளிப் பத்திரப்படுத்தினார்கள். பனிப்போர் காலத்தில் ஒருவரை ஒருவர் வேவு பார்த்தவர்கள் ஒரே கூடத்தில் நின்று ஒரே குழாயைத் துடைத்தார்கள். நாமும் பிரான்சும் கேட்டால் சொல்லிக்கொடுக்காத அளவுக்கா தூரத்தில் இருக்கிறோம்?

எங்களைப் போலக் கடலை நம்பி வாழும் ஊர்களுக்கு முக்கியமான உதாரணம் ஸ்காட்லாந்தின் வட கோடியில் இருக்கிறது. டூன்ரே என்ற இடம். கல்பாக்கத்தைப் போலவே கடலோரம், ஈனுலைகள், பயன்படுத்திய எரிபொருளிலிருந்து மறுபடி உதவுவதைப் பிரித்தெடுக்கும் மறுசுத்திகரிப்பு ஆலை. அங்கே பழைய காலத்தில் ஒரு ஆழமான குழியில் கழிவுகளைப் போட்டு வந்தார்கள். அதில் சோடியமும் பொட்டாசியமும் இருந்தன. 1977 மே மாதம் குழிக்குள் வெடித்தது. அது போக, மணல் அளவேயான எரிபொருள் துகள்கள் பழைய காலத்தில் கழிவுநீர்க் குழாய் வழியாகக் கடலுக்குப் போய்விட்டன. 1997இல் அந்தக் குழாய் முனையைச் சுற்றி 2 கிலோமீட்டருக்கு மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். அந்தத் துகள்களைத் தேடிக் கடலடியை இயந்திரம் விட்டுத் துழாவினார்கள். கரையில் இன்றைக்கும் தேடுகிறார்கள். கரையில் ஒரு துகள் கிடைத்தாலும் எங்கே, எப்போது, எவ்வளவு வலுவானது என்று எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள்.

நம் கரையில் அப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை, எழுதியதை அப்படித் திருப்ப வேண்டாம். அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் படாமலே தெரிந்துகொள்ளலாம் என்கிறேன். அவர்கள் கற்றதில் பாதி, பட்டியலைப் பொதுவில் வைக்கும் அந்தப் பழக்கம். ஒரு துகளைக்கூட மறைக்காதவர் சொல்லும்போதுதான், இந்தக் கரையில் ஒன்றும் இல்லை, வலை போடு என்ற பேச்சை மீனவர் நம்புவார்.

இனி, இந்த மடலை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்சம் சட்டப் பேச்சுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அணு மின் நிலையங்களின் பாதுகாப்புக்கு ஒரு பன்னாட்டு உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா 2005இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் எரிபொருள் எல்லாவற்றையும் உலையிலிருந்து நிரந்தரமாக எடுத்துப் பத்திரப்படுத்தி, பிரித்தெடுப்புத் திட்டத்துக்கு ஒழுங்குமுறை அமைப்பு சம்மதமும் கொடுத்துவிட்டால், அந்த உடன்படிக்கையின் கண்ணில் அது அணு நிலையமே இல்லை. அதற்குப் பிறகு கையில் எடுத்துக்கொள்ள இன்னொன்றை உருவாக்கினார்கள். பயன்படுத்திய எரிபொருள், கதிரியக்கக் கழிவு ஆகியவற்றின் பாதுகாப்புக்கான கூட்டு உடன்படிக்கை. 1997இல் கையெழுத்துக்கு வந்து, 2001 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரான்ஸ், ஜப்பான், கனடா, பிரிட்டன் உட்பட 80க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இந்தியா இல்லை.

அதன் 26வது பிரிவு டீகமிஷனிங் பற்றியது. நாலே விஷயம்தான் கேட்கிறது. தகுதியான ஆட்களும் போதுமான பணமும் இருக்க வேண்டும். வேலை செய்பவருக்கும் ஊருக்கும் கதிர்வீச்சிலிருந்து பாதுகாப்பு வேண்டும். அவசர நிலைக்கு ஏற்பாடு வேண்டும். உலையைப் பற்றிய ஆவணங்கள் காப்பாற்றப்பட வேண்டும். இதில் எதை நம்மால் ஏற்க முடியாது? மூன்று வருடத்துக்கு ஒருமுறை வியன்னாவில் கூடி, ஒவ்வொரு நாடும் தன் அறிக்கையை மேசையில் வைக்கிறது. மற்ற நாடுகள் எழுத்தில் கேள்வி கேட்கின்றன, பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தண்டனை கிடையாது, சோதனை போட ஆள் வரமாட்டார்.

பயன்படுத்திய எரிபொருள் நமக்குக் கழிவு இல்லை, மறுசுத்திகரிப்பு செய்யப் போகிற செல்வம் என்பது நம் நாட்டின் நிலை. ராணுவம் சம்பந்தப்பட்டதை வெளியே பேச முடியாது என்பதும் புரிகிறது. இரண்டுக்கும் உடன்படிக்கையின் 3வது பிரிவிலேயே இடம் விட்டிருக்கிறார்கள். நாமாக முன்வந்து சேர்த்தால் ஒழிய, மறுசுத்திகரிப்பு ஆலையில் இருக்கும் எரிபொருளும் ராணுவத் திட்டங்களும் அதற்குள் வராது. அப்படியிருக்க, கையெழுத்துப் போடத் தயங்குவது ஏன் என்று எங்களுக்குப் புரியும்படி ஒருமுறையாவது சொல்ல வேண்டும். வெளி ஆட்கள் வந்து பார்ப்பது உங்களுக்குப் புதிதும் அல்ல. 2012இல் ராஜஸ்தானின் 3, 4வது உலைகளைச் சர்வதேச அணுசக்தி முகமையின் குழு வந்து பார்த்தது. 2015 மார்ச்சில் ஒழுங்குமுறை வாரியத்தையே ஒரு குழு அலசியது. அதே முகமையில் டீகமிஷனிங்கும் கழிவும் பார்க்க ஆர்டெமிஸ் என்ற குழு ஏற்பாடு இருக்கிறது. கல்பாக்கத்துக்கான திட்டத்தைத் தயார் செய்து அவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் எழுதும் அறிக்கையைத் தமிழில் எங்கள் ஊராட்சி அலுவலகங்களில் வையுங்கள்.

பணம் பற்றியும் கேட்க வேண்டியிருக்கிறது. பிரித்தெடுக்கும் செலவுக்கென்று யூனிட்டுக்கு 2 பைசா பிடித்து வந்திருக்கிறீர்கள். 220 மெகாவாட் உலை ஒரு நாள்கூட நிற்காமல் முழுத் திறனில் வருடம் முழுக்க ஓடினாலும் 192 கோடிச் சொச்சம் யூனிட். 2 பைசா வீதம் 3 கோடியே 85 லட்சம் ரூபாய். நாற்பது வருடம் அப்படியே ஓடியிருந்தாலும், வட்டி சேர்க்காமல், 154 கோடி. லித்துவேனியாவில் இக்னலினா நிலையத்தைப் பிரிக்க ஆகும் மொத்தச் செலவு 300 கோடி யூரோவுக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவை 1,500 மெகாவாட் உலைகள் இரண்டு, வகையும் வேறு, அங்கே கூலியும் வேறு. அதனால் நேராக ஒப்பிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 2 பைசா எந்தக் கணக்கில் வந்தது, நிதியில் இன்று எவ்வளவு இருக்கிறது, கல்பாக்கத்துக்கு எவ்வளவு தேவைப்படும் என்ற மூன்று எண்களையும் நாங்கள் பார்க்க வேண்டும்.

இக்னலினாவைச் சொன்னது இன்னொரு காரணத்துக்காகவும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேருவதென்றால் அந்த உலைகளை மூட வேண்டும் என்று நிபந்தனை. லித்துவேனியா ஒன்றை 2004 கடைசி நாளிலும் மற்றொன்றை 2009 கடைசி நாளிலும் நிறுத்தியது. சின்ன நாடு, தனியாகத் தாங்காது என்று மற்ற நாடுகள் நிதி போட்டன. 2038 வரை வேலை இருக்கிறது என்கிறார்கள். செர்னோபிலின் மேல் 2016இல் நகர்த்தி மூடிய அந்தப் பிரமாண்ட வளைவுக்கும் 40க்கும் மேற்பட்ட நாடுகளின் பணம் போயிருக்கிறது. ஃபுகுஷிமாவில் 2024 நவம்பரில், தூண்டில் போல நீளும் கோலை உள்ளே விட்டு, உருகிய எரிபொருளில் 0.7 கிராம் எடுத்தார்கள். உள்ளே கிடப்பது 880 டன் அளவு. விபத்து நடந்த உலைகளோடு நம் உலைகளை நான் ஒப்பிடவில்லை. ஜப்பான் அளவுக்குப் பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாடே இந்த வேலையில் வெளி ஆட்களை அழைக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

நாம் கேட்கிற இடத்தில் மட்டும் இல்லை, கொடுக்கிற இடத்திலும் இருக்கிறோம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் எழும்பி வந்தபோது கல்பாக்கத்தின் இரண்டாவது உலை ஓடிக்கொண்டிருந்தது. பம்ப் அறைக்குள் கடல்நீர் புகுந்தது. உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே, 2005 ஆகஸ்ட் கடைசியில், கடலோர அணு நிலையங்களில் வெள்ள ஆபத்து பற்றிய பன்னாட்டுப் பட்டறை கல்பாக்கத்திலேயே நடந்தது. அன்று உலகம் நம் கரைக்கு வந்து கற்றுக்கொண்டது. அந்தக் கடலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உலையைப் பூட்டி ஐம்பது வருடம் காத்திருப்பதா, உடனே பிரிப்பதா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கும். காத்திருப்பதில் லாபம் உண்டு. இரும்புக் குழாய்களில் தங்கியிருக்கும் கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள் சுமார் ஐந்தேகால் வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஐம்பத்து மூன்று வருடத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். வேலை செய்பவர் உடம்புக்கு நல்லது. ஆனால் அதற்குள் உலையை அறிந்தவர் ஒருவர்கூட உயிரோடு இருக்கமாட்டார்.

என் சித்தப்பாவுக்கு இப்போது வயது எழுபத்து நாலு. பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். உலைகளில் குளிர்விப்புக் குழல்களை மொத்தமாக மாற்றிய வேலையில் அவரும் இருந்தார். 2002இல் இரண்டாவது உலையில் தொடங்கி, அப்புறம் முதல் உலை. ஒரு உலைக்கு 306 குழல். இன்றைக்கும் அந்த எண்ணைச் சொல்லும்போது சாமி பெயரைச் சொல்வது போலச் சொல்வார். வெளியே உலையின் முகப்பைப் போலவே ஒரு மாதிரி செய்து வைத்திருந்தார்களாம். அதில் நாள்கணக்கில் பழகுவார்கள். கண்ணை மூடினாலும் கை எங்கே போக வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் உள்ளே அனுப்புவார்கள். உள்ளே போனால் சில நிமிடம்தான். நெஞ்சில் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ், கையில் ஸ்பானர், வாயில் ஒரு வார்த்தை கிடையாது. பேசினால் நேரம் போகும், நேரம் போனால் உடம்பில் படும் கதிர்வீச்சு டோஸ் ஏறும். வெளியே வந்ததும் அடுத்த ஆளிடம் ஒரே வரியில் சொல்ல வேண்டும்: எது இறுகியிருக்கிறது, எது எந்தப் பக்கம் வழுக்கும்.

அந்த ஒரு வரிகள் எந்தக் கோப்பிலும் இருக்காது. கதிரியக்கம் ஏறிய குழலை வெளியே எடுக்கும் வேலையை இவ்வளவு பெரிய அளவில் கையால் செய்து பார்த்தவர்கள் உலகத்திலேயே குறைவு. டக்ளஸ் பாயிண்டைப் பிரிப்பவர்களுக்கும் அது பயன்படும். 26வது பிரிவு ஆவணங்களைக் காப்பாற்றச் சொல்கிறதே, அந்த ஆவணங்களில் பாதி கல்பாக்கத்திலும் புதுப்பட்டினத்திலும் சதுரங்கப்பட்டினத்திலும் திண்ணைகளில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறது. வருடத்துக்கு இரண்டு மூன்று பேர் போய்விடுகிறார்கள். போன தை மாதம் சித்தப்பாவோடு ஒரே ஷிப்டில் இருந்தவர் ஒருவரை அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அவருக்கும் நிறையத் தெரியும் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார்.

உடன்படிக்கையில் கையெழுத்துப் போட டெல்லியில் பேச வேண்டும், அதற்கு நாளாகும், தெரிகிறது. கனடாவுக்கு ஆள் அனுப்பவும் கோப்பு நகர வேண்டும். இந்தப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய ஒரு டேப் ரெக்கார்டரும் விஷயம் தெரிந்த ஒரு பொறியாளரும் போதும். சித்தப்பா காலையில் பத்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். காது கொஞ்சம் மந்தம், சத்தமாகக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
சதுரங்கப்பட்டினம் கரையிலிருந்து ஒரு குடிமகன்